திறந்திருந்தும் வாசிக்க முடியாத ஆய்வேடுகள்

(பல்கலைக்கழக நூலகக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இன்று கேட்க வந்திருப்பது ஒரு வேலையிடம். இணையத்தில் இருக்கும் நம் ஆய்வேடுகளைப் பார்வையற்றவர்களும் வாசிக்கும்படி செம்மை செய்ய, பல்கலைக்கழக நூலகம் ஒவ்வொன்றும் ஒரு மாணவரையாவது சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். கோரிக்கை சின்னதுதான். ஆனால் அந்த மாணவர் என்ன வேலை செய்யப்போகிறார், அவரை எந்தத் துறையிலிருந்து எடுக்க வேண்டும், ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் விளக்காமல் கேட்டால், தட்டச்சு தெரிந்த யாரோ ஒருவரை மூன்று மாதம் உட்காரவைத்துவிட்டு வேலை முடிந்ததாகக் கணக்கை மூடிவிடுவார்கள். அப்படி ஆகிவிடக் கூடாது. அதனால்தான் இதை விரிவாகப் பேச விரும்புகிறேன்.

2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கின. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் 'சோத்கங்கா' என்ற களஞ்சியத்தை அமைத்து நாடு முழுவதிலுமிருந்து ஆய்வேடுகளைத் திரட்டியது. இன்று அதில் பல லட்சம் ஆய்வேடுகள் இருக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காக ரயிலேறி வேற்றூர் போய், நூலகரிடம் கடிதம் கொடுத்து, அவர் எடுத்துத் தரும்வரை காத்திருந்து, கையால் குறிப்பெடுத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்தக் களஞ்சியம் எவ்வளவு பெரிய நன்மை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நன்மை பார்வையற்ற ஆய்வாளருக்கு மட்டும் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பார்வையற்றவர் கணினியில் எப்படி வாசிக்கிறார் என்பதை இந்த அவையில் எல்லோரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. திரைவாசிப்பான் என்ற மென்பொருள், கோப்பில் இருக்கும் எழுத்துகளை எடுத்துக் குரலாக்கிச் சொல்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞருடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழையும் அது வாசிக்கும். பழகியவர்கள் அந்தக் குரலை நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். 'எச்' என்ற விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். அட்டவணைக்குள் போய் ஒவ்வொரு கட்டமாக நகரலாம். அடிக்குறிப்புக்கு இறங்கி, விட்ட இடத்துக்கே திரும்பி ஏறலாம். கண்ணுள்ளவர் பக்கத்தைப் புரட்டுவதுபோலவே அவர் புரட்டுவார். ஒரே ஒரு நிபந்தனைதான்: கோப்புக்குள் உண்மையான எழுத்து இருக்க வேண்டும், எது தலைப்பு, எது அட்டவணை, எது அடிக்குறிப்பு என்ற அடையாளமும் இருக்க வேண்டும்.

நம் ஆய்வேடுகளைத் திறந்தால் என்ன நடக்கிறது? பழையவை பெரும்பாலும் ஒளிவருடப்பட்டவை. ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். முந்நூறு பக்க ஆய்வேட்டைத் திறந்த பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் சொல்வது, இது வெற்றுப் பக்கம் என்பதுதான். யாரோ ஒருவரின் ஐந்தாண்டு உழைப்பு அவரைப் பொறுத்தவரை வெறும் தாள்.

கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகளிலும் நிலைமை தேறிவிடவில்லை. பாமினி, வானவில் என்று எத்தனை எழுத்துருக்களில் நாம் எழுதினோம்! அவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் உட்கார்ந்திருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தவர் கணினிக்குக் கொடுத்தது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. திரையில் பார்க்கும் கண்ணுக்கு அது தமிழ். கேட்கும் காதுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தொல்காப்பியத்தைப் பற்றிய ஓர் ஆய்வேடு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அப்படி ஒலிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்குப் பின்பும் பழைய எழுத்துருவில் அச்சிட்டு ஒப்படைக்கப்பட்ட ஆய்வேடுகள் ஏராளம். தட்டச்சு நிலையங்கள் தங்களுக்குப் பழகியதை விடவில்லை, நாமும் கேட்கவில்லை.

"எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே, போட்டு எடுத்தால் போயிற்று" என்று கணினித் துறை நண்பர்கள் சொல்வார்கள். போட்டுப் பாருங்கள். தமிழ் ஆய்வேட்டில் ஆங்கில மேற்கோள்கள் வரும், ஆங்கில நூற்பட்டியல் வரும், வாக்கியத்தின் நடுவே ஒற்றை ஆங்கிலச் சொல் வரும். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. எல்லாமே அதற்கு ஆங்கில எழுத்துதான். உண்மையான ஆங்கிலத்தையும் சேர்த்துத் தமிழாக்கிக் குழப்பிவிடும். தலைப்புக்கு ஓர் எழுத்துரு, உள்ளே இன்னொன்று என்று இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது என்று சொல்ல வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

யூனிகோடில் எழுதிய ஆய்வேடும் பிடிஎஃப் ஆக மாறும்போது சிதைவதுண்டு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி என்று பிரிந்து, பார்வைக்கு எப்படி வரிசையாக நிற்கின்றனவோ அப்படியே கோப்பில் பதிவாகிவிடும். திரைவாசிப்பான் தடுமாறும், தேடினாலும் சொல் அகப்படாது. அந்த ஆய்வேட்டில் 'கொற்றவை' நூறு இடத்தில் இருந்தாலும், தேடுபவருக்கு ஓரிடத்திலும் இல்லை.

இது நம் குறை மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2010 முதல் 2019 வரை வெளியான 11,397 ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் பிடிஎஃப் கோப்புகளை அமெரிக்காவில் ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். படத்துக்கு விளக்கம் உண்டா, அட்டவணைக்குத் தலைப்பு வரிசை உண்டா, மொழி எதுவென்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது போன்ற அடிப்படைச் சோதனைகள்தான். எல்லாவற்றிலும் தேறியவை 2.4 விழுக்காடு. பணமும் கருவியும் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், யாராவது உட்கார்ந்து செய்யாமல் இது தானாக நடக்காது என்பது தெளிவு.

இனி அந்த மாணவரின் மேசைக்கு வருவோம். ஒளிவருடப்பட்ட ஒரு பழைய ஆய்வேடு அவர் கைக்கு வருகிறது. எழுத்துணரிக்கு, அதாவது ஓசிஆர் மென்பொருளுக்கு, அதைக் கொடுக்கிறார். தமிழில் இது இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இப்படித்தான் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. தன்னார்வலர்கள் அவற்றை இன்றும் மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கால் குறியும் ரகரமும் பழைய அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒன்றுபோல இருக்கும். 'கௌரவம்' என்பதை எழுத்துணரி கொம்பும் ளகரமுமாகப் பிரித்துப் பதிவு செய்தால், கண் ஏமாறும். காதில் அது வேறு சொல்லாக விழும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்பு தட்டச்சு செய்த ஆய்வேடுகளில் ணை, லை, னை போன்றவை பழைய கொம்பு வடிவில் இருக்கும். எழுத்துணரி அவற்றில் சறுக்கும். தமிழ் எண்களில் ஒன்று ககரம் போலவும், இரண்டு உகரம் போலவும், ஏழு எகரம் போலவும், எட்டு அகரம் போலவும் இருக்கின்றன. கல்வெட்டுப் பாடத்தில் ஆட்சியாண்டு எழுத்தாக மாறிவிட்டால் வரலாறே மாறிவிடும்.

கல்வெட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. கல் சிதைந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டுவார்கள். பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுவார்கள். ஆய்வேட்டின் உயிரே சில சமயம் அந்த அடைப்புக்குறிதான். கல்லில் இருந்தது எது, அறிஞர் ஊகம் எது என்று பிரித்துக் காட்டுவது அதுவே. திரைவாசிப்பான் நிறுத்தற்குறிகளைப் பொதுவாக விழுங்கிவிட்டுப் போகும். கேட்பவருக்கு ஊகமும் சான்றும் ஒன்றாகிவிடும். இதைத் தவிர்க்க வேண்டுமானால், தொடக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, நிறுத்தற்குறிகளை முழுமையாக ஒலிக்கவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். அல்லது ஊகப் பகுதிகளுக்கு அருகே சொல்லாகவே குறிக்க வேண்டும். எது சரி என்று முடிவு செய்ய, செய்பவருக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இசைத்துறை ஆய்வேட்டில் நிலைமை இன்னும் கடுமை. ஸ்வரத்துக்கு மேலே புள்ளி வைத்தால் தாரஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரஸ்தாயி. மேலே கோடு போட்டால் வேகம் இரட்டிப்பாகும். எழுத்துணரிக்கு அந்தப் புள்ளிகள் தாளில் படிந்த தூசு, துடைத்துவிடும். பிறகு வரும் ஸரிகமபதநியைக் கேட்டால் எழுத்துகள் எல்லாம் சரியாக இருக்கும், கீர்த்தனை மட்டும் காணாமல் போயிருக்கும். பார்வையற்ற மாணவர் பலர் விரும்பிச் சேரும் துறை இசை. அவர்களுக்கே அந்தத் துறையின் ஆய்வேடு பயன்படாது என்றால் அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

படங்களைப் பற்றி நான் சற்று அதிகமாகப் பேச வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுத வேண்டும் என்பது வலைத்தள அணுகல் வழிகாட்டி நெறிகளில் முதலில் வருவது. நம் ஆய்வேடுகளில் படத்தின் கீழே என்ன இருக்கும்? 'படம் 7: கள ஆய்வுப் பகுதி' என்று இருக்கும். மாற்று உரையிலும் அதையே ஒட்டிவிட்டால் விதிப்படி வேலை முடிந்தது. வாசகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேட்டில் ஒரு வரைபடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதைப்பாடலின் வேறு வேறு வடிவங்கள் எந்தெந்த ஊரில் கிடைத்தன என்று அதில் புள்ளி வைத்திருக்கிறார்கள். நல்ல விளக்கம் என்றால், ஆற்றுக்கு வடகரை ஊர்களில் ஒரு வடிவம், தென்கரையில் வேறொரு வடிவம், இரண்டும் கலந்து கிடைப்பது சந்தைகூடும் ஊரில் மட்டும் என்று சொல்ல வேண்டும். வரைபடத்தை ஆய்வாளர் ஏன் போட்டார் என்பதைப் புரிந்துகொண்டவர்தான் இதை எழுத முடியும். படத்தில் நிறமும் கோடும் இருப்பதைச் சொல்ல யாராலும் முடியும். அந்தப் படம் என்ன வாதிடுகிறது என்று சொல்வது ஆய்வு வேலை.

மொழியியலில் வாக்கிய அமைப்பைக் காட்டும் கிளைப்படங்கள் வருகின்றன. மானிடவியலில் உறவுமுறைப் படங்கள் வருகின்றன. மாமன் மகள், அத்தை மகன் உறவுகளை முக்கோணம், வட்டம், கோடு என்று வரைந்திருப்பார்கள். இவற்றை விளக்கும்போது எந்த இடத்திலிருந்து தொடங்குவது, யாரை நடுவில் வைத்துச் சொல்வது என்பதற்கெல்லாம் அந்தந்தத் துறையில் மரபு உண்டு. செயற்கை நுண்ணறிவு இன்று படத்தைப் பார்த்து நான்கு வரி எழுதித் தருகிறது. முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்தட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது துணிந்து சொல்லும் ஒன்று தவறு என்றால், படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அது தெரிய வழியே இல்லை. அதனால் மனிதர் சரிபார்க்காத விளக்கம் எதுவும் கோப்பில் ஏறக் கூடாது.

ஆகவே என் முடிவு இது. ஆய்வேட்டை அணுகும்படி செய்வது அலுவலக எழுத்தர் வேலை இல்லை. அது நெருங்கி வாசிக்கும் வேலை. அந்தத் துறையில் முதுகலை படிக்கும் மாணவரை, அல்லது ஆய்வு தொடங்கியிருப்பவரை எடுங்கள். கணினி நுட்பத்தைச் சில வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தலைப்புக்குத் தலைப்பு நடையைப் பயன்படுத்துவது, அட்டவணைக்குத் தலைப்பு வரிசை குறிப்பது, தமிழ்ப் பகுதி தமிழ் என்றும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலம் என்றும் மொழியைக் குறிப்பது, வாசிக்கும் வரிசையைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான். கல்வெட்டு வாசிப்பை அப்படிச் சில வாரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒரு மாணவரையாவது என்று தொடங்கினேன்; அவருடன் ஒரு பார்வையற்ற மாணவரையும் அமர்த்த வேண்டும். அவருக்கும் அதே ஊதியம். செம்மை செய்த கோப்பை அவர் தன் திரைவாசிப்பானில் திறந்து, மூன்றாம் இயலுக்குப் போக முடிகிறதா, ஐந்தாவது அட்டவணையில் ஒரு கட்டத்தின் மதிப்பைக் கண்டுபிடிக்க முடிகிறதா, அடிக்குறிப்பைப் படித்துவிட்டு உரைக்குத் திரும்ப முடிகிறதா என்று சோதித்து ஒப்புதல் தர வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளும்வரை வேலை முடியவில்லை. தானியங்கிச் சோதனை மென்பொருள்கள் பச்சை விளக்கு காட்டிய கோப்புகளிலும் பார்வையற்ற வாசகர் வழி தவறுவது உண்டு. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும், அந்த விளக்கத்தால் பயன் உண்டா என்று அதற்குத் தெரியாது.

இப்போது சம்பளம். "இது சேவை அல்லவா, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை வைத்துச் செய்துவிடலாமே" என்று ஒரு குரல் எழும். அந்தத் திட்டத்து மாணவர்கள் செய்திருக்கும் உதவியை நான் குறைத்துப் பேசமாட்டேன். டி. வி. ராமன் என்ற கணினி அறிஞரை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்தபோது கடினமான பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து அவருக்குத் தந்தவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள்தாம். பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், கணிதச் சமன்பாடுகளையும் கணினியே பொருள் புரியும்படி வாசித்துக்காட்டும் 'ஆஸ்டர்' என்ற அமைப்பை உருவாக்கி 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேட்டுக்கு உலகக் கணினியியல் சங்கமான ஏசிஎம்மின் சிறந்த ஆய்வேட்டு விருது கிடைத்தது. லேடெக் என்ற மூல வடிவில் கணிதம் எழுதப்பட்டிருந்ததால், எது பின்னம், எது அடுக்கு என்ற அமைப்பு கோப்பிலேயே இருந்தது. அதைக்கொண்டுதான் ஆஸ்டர் வாசித்தது. இயற்பியல், கணித ஆய்வுக் கட்டுரைகளின் பெருங்களஞ்சியமான ஆர்க்சிவ், 2023 டிசம்பரிலிருந்து அதே லேடெக் மூலத்திலிருந்து எச்டிஎம்எல் வடிவத்தையும் சேர்த்துத் தருகிறது. பார்வையற்ற ஆய்வாளர்களின் தேவை அதற்கு முதன்மையான காரணம்.

தன்னார்வலர் ஒலிப்பதிவு செய்து தந்த பக்கங்கள் ஒருவருக்குப் பயன்பட்டன. செம்மையான கோப்பு வருகிறவர் எல்லோருக்கும் பயன்படும்; ஆண்டுக் கணக்கில் நிற்கும். நிலைத்து நிற்க வேண்டிய வேலைக்குப் பொறுப்பானவர் ஒருவர் வேண்டும்; பொறுப்பைக் கேட்டால் ஊதியம் கொடுக்க வேண்டும். தன்னார்வலர் தேர்வு வந்தால் போய்விடுவார். போவது அவர் உரிமை. நூலகத்தில் புத்தகம் அடுக்குபவருக்குச் சம்பளம் உண்டு, கட்டடம் துடைப்பவருக்குச் சம்பளம் உண்டு. பார்வையற்ற வாசகருக்கான வேலை மட்டும் தர்மமாக நடக்க வேண்டும் என்பதில், அவர் நூலகத்தின் முழு உறுப்பினர் இல்லை என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதை நாம் கைவிட வேண்டும்.

ஊதியத்தை மணிக்கணக்கில் கொடுங்கள், பக்கக் கணக்கில் வேண்டாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று வைத்தால், வெறும் உரை உள்ள பக்கம் விரைவாக முடியும். கல்வெட்டுப் படியும் ஸ்வரக் குறிப்பும் உள்ள பக்கத்தில் மாணவர் நட்டப்படுவார். கடினமான பக்கத்தை அவசரமாகத் தாண்டிப் போகும்படி நாமே அவரைத் தள்ளிவிடுவோம். வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவருக்கும் படிப்பு இருக்கிறது. செம்மை செய்த கோப்பின் முதல் பக்கத்தில் அவர் பெயரும், சோதித்தவர் பெயரும், ஆண்டும் வர வேண்டும். பதிப்பாசிரியருக்குக் கிடைக்கும் மதிப்பு இது. நல்ல ஆய்வேடு ஒன்றை வரி வரியாகச் செம்மை செய்த மாணவர், ஆய்வேடு எழுதுவது எப்படி என்பதை எந்த வகுப்பிலும் கற்க முடியாத அளவுக்குக் கற்றிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு உள்ளடக்கங்கள் அணுகக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவில் சொல்கிறது. 2017இல் வந்த விதிகள், இணையதளத்தில் இடும் ஆவணங்கள் இபப் என்ற மின்னூல் வடிவிலோ எழுத்துணரி வழி வந்த பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயமான விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காடு இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று அதே சட்டம் ஒதுக்குகிறது. இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டவருக்கு ஆய்வேட்டைக் கொடுக்காமல் இருப்பது எந்தக் கணக்கில் சேரும்?

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் நமக்கு எச்சரிக்கை. அது இணையத்தில் இலவசமாக வைத்திருந்த விரிவுரைகள் காது கேளாதவர்களுக்குப் பயன்படவில்லை என்ற புகாரின் பேரில், 2016இல் அமெரிக்க நீதித்துறை குறைகளைச் சுட்டிக்காட்டியது. 2017இல் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிக் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எல்லோருக்கும் இழப்பு. 2022இல்தான் உடன்பாடு எட்டப்பட்டது. ஏற்றும்போதே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு செலவை, ஒட்டுமொத்தமாகப் பின்னால் செய்யும்போது ஏற்க வேண்டியிருக்கும். தேங்கிய மலையைப் பார்த்து மலைத்து, எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்ற முடிவுக்கு நம் பல்கலைக்கழகம் எதுவும் வந்துவிடக் கூடாது.

எனவே எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. இன்று ஒரு பார்வையற்ற மாணவர் எந்த ஆய்வேட்டைக் கேட்கிறாரோ அதுதான் முதல் ஆய்வேடு. அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி, இத்தனை நாளில் தருகிறோம் என்று நாள் குறித்துக் கொடுங்கள். பார்வையற்றோருக்காகப் படைப்பை வேறு வடிவுக்கு மாற்றிக் கொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது. அதற்கு ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. எல்லோருக்குமாக இணையத்தில் புதிய வடிவை ஏற்றும்போது மட்டும் அவர் இசைவைப் பெற்றுக்கொள்வது முறை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். புகைப்படப் பக்கமாக இருந்தவரை தேடலில் அகப்படாதது, எழுத்தானதும் அகப்படும். பின்னிணைப்பில் தகவலாளிகளின் பெயர், சாதி, ஊர், தொலைபேசி எண் எல்லாம் பட்டியலாக இருக்கும் ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கள் துயரத்தை நம்பிக்கையோடு ஓர் ஆய்வு மாணவரிடம் சொன்ன பெண்கள் அவர்களில் உண்டு. அந்தப் பக்கங்களைக் கண்டால் மாணவர் நிறுத்தி, நூலகரிடமும் நெறியாளரிடமும் கேட்க வேண்டும். இந்த முடிவை அவர் தலையில் தனியாகச் சுமத்தக் கூடாது.

இனி வரும் ஆய்வேடுகளுக்கு மருந்து எளிது. பிடிஎஃப் கோப்போடு மூலக் கோப்பையும் வாங்குங்கள். யூனிகோடில் இல்லாத தமிழை ஏற்கமாட்டோம் என்று சொல்லுங்கள். தலைப்பு நடைகள் அமைந்த ஒரு மாதிரிக் கோப்பைப் பதிவு செய்த முதல் மாதத்திலேயே ஆய்வாளருக்குக் கொடுங்கள். படங்களுக்கு விளக்கம் எழுதும் பொறுப்பை ஆய்வாளரிடமே விடுங்கள். தன் படம் என்ன சொல்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இப்படி வரும் ஆய்வேட்டை அந்த மாணவர் ஓரிரு நாளில் சரிபார்த்துவிடுவார். மிச்ச நேரம் முழுவதும் பழைய ஆய்வேடுகளுக்குக் கிடைக்கும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஒரு காசும் வாங்காமல் சங்க இலக்கியத்திலிருந்து பாரதிவரை தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். அவை எழுத்தாகவே இருப்பதால் பார்வையற்றவர்கள் இன்று அவற்றை வாசிக்கிறார்கள். சில தனி மனிதர்களின் அன்பால் அவ்வளவு செய்ய முடிந்தது. நிதியும் கட்டடமும் துறைகளும் உள்ள பல்கலைக்கழகங்களால் தங்கள் ஆய்வேடுகளுக்கு அதைச் செய்ய முடியாது என்பதை நான் நம்பவில்லை.

இந்த அவையில் துறைத்தலைவர்கள் இருக்கிறீர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வரும் கல்வியாண்டின் நிதிநிலை அறிக்கையில் நூலகத் தலைப்பின் கீழ் இரண்டு மாணவர் உதவியாளர்களுக்கான ஊதியத்தைச் சேருங்கள். அவர்களில் ஒருவர் பார்வையற்ற மாணவராக இருக்கட்டும். விண்ணப்பம் கோரும் அறிவிப்பைத் திரைவாசிப்பான் வாசிக்கும் வடிவிலேயே வெளியிடுங்கள்.